ஈர நெல்லும் அரசாங்கத்து விலையும்

1974ஆம் ஆண்டாக இருக்க வேண்டும். எனக்கு அப்போது பதினான்கு வயது. கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருந்த மூத்த ராத்தாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி உம்மா ஒரு தலையணை தைத்தார். இலவம்பஞ்சுக்கு நடுவே நான்கு கொத்து அரிசி. எங்கள் வயலில் விளைந்து, எங்கள் வளவில் அவித்து, ஊர் ஆலையில் குற்றிய அரிசி. அதைத்தான் கள்ளக்கடத்தல் பொருள்போல மறைத்துக்கொண்டு நான் கல்முனையில் பஸ் ஏறினேன்.

அந்தக் காலத்தை அறியாத இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் நெல் கொள்வனவைத் தன் கையில் எடுத்திருந்தது. நெல் சந்தைப்படுத்தும் சபை 1971ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. தனியார் நெல் வியாபாரம் குற்றமாயிற்று. இரண்டு கொத்துக்கு மேல் அரிசியை ஓர் ஆள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்லக்கூடாது என்பதற்காக வீதிகளில் தடைக் கம்பங்கள் நாட்டப்பட்டன. சிங்களத்தில் ‘ஹால் பொல்ல’ என்று அதற்குப் பெயர். வாரத்தில் இரண்டு நாட்கள் உணவகங்களில் சோறு விற்கவும் தடை இருந்தது. 1970 தேர்தலில் சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து இரண்டு கொத்து அரிசி தருவோம் என்று சொல்லி வென்ற ஆட்சி அது. அதே இரண்டு கொத்து கடைசியில் தடைக் கம்பத்தின் அளவாக வந்து நின்றது.

வழியில் ஓரிடத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கம்பியால் மூட்டைகளைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு ஒருவர் ஏறினார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. மடியிலிருந்த தலையணையை இறுக்கிப் பிடித்ததில்தான் நான் அகப்பட்டிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த வயதான சிங்களப் பெண்மணி என் கையிலிருந்து தலையணையை வாங்கி, ஜன்னலோரம் சாய்த்து, அதில் தலைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கம்பிக்காரர் கடந்து போனார். அரிசியின் கனம் அந்த அம்மாவின் கன்னத்துக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? இறங்கும்போது ஒரு வார்த்தை பேசாமல் திருப்பித் தந்தார்.

பத்திரிகைத் துறையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காலம் தள்ளிவிட்டேன். சந்தையை அரசு கட்டுப்படுத்த வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்ற வாதம் எழும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவில் வருவது அந்தத் தலையணைதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதினால் நான் பொய்யனாவேன். ஏனென்றால் அந்தக் கம்பங்களைப் பிடுங்கி எறிந்த பின்னர் நடந்தவற்றையும் நான் கண்டிருக்கிறேன்.

மாவடிப்பள்ளி சிற்றூர். காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில், அம்பாறை செல்லும் வீதியில், சுற்றிலும் வயல். கிழக்கே காரைதீவில் தமிழர்கள். மேற்கே சம்மாந்துறையில் எம்மவர்கள். அதற்கும் அப்பால் அம்பாறை நகரில் சிங்களவர்கள். தண்ணீர் இங்கினியாகலையிலிருந்து வருகிறது. 1949இல் ஆரம்பித்த கல்லோயாத் திட்டம் அரசாங்கத்தின் பணத்தில் கட்டப்பட்டது. எந்தத் தனியாரும் அப்படியொரு அணையைக் கட்டியிருக்கமாட்டார்கள். அதே திட்டத்தில் யாருக்கு எங்கே காணி கிடைத்தது என்ற கேள்வியும், 1956இல் அங்கு ஓடிய இரத்தமும் எங்கள் மக்களின் நினைவிலிருந்து அகலவில்லை. தண்ணீர் தந்த கைதான் எங்களைப் பிரித்தும் வைத்தது. எங்கள் பக்கத்தில் அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு விவசாயி ஏன் முதலில் சந்தேகப்படுகிறான் என்பதை இந்த இடத்திலிருந்துதான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த நாட்டில் அரிசி ஆட்சிகளைக் கவிழ்த்த பொருள். 1953இல் நிதி அமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜயவர்தன பங்கீட்டு அரிசியின் மானியத்தை வெட்டினார். கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடவேண்டிய நிலை வந்தது. உயிர்கள் போயின. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதே ஜே.ஆர். 1977இல் வாராந்தம் எட்டு இறாத்தல் தானியம் தருவதாக வாக்களித்து ஆட்சிக்கு வந்து, பங்கீட்டை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கி, 1979இல் உணவு முத்திரையாக்கினார். இம்முறை கப்பலில் ஏறவேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. தடைக் கம்பங்களால் சலித்துப்போயிருந்த மக்கள் திறந்த பொருளாதாரத்தைத் திருவிழாவைப் போல வரவேற்றிருந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் அது திருவிழாதான். வாப்பா அந்த ஆண்டு நெல்லை வெளிப்படையாக லொறிக்காரனுக்கு விற்றார். வானொலிப் பெட்டி வாங்கினார். ஆனால் நான் பத்திரிகையில் சேர்ந்த பிறகு யாழ்ப்பாணத்துக்குப் போனபோது, அங்குள்ள விவசாயிகள் சிறிமாவோ காலத்தைப் பொற்காலம் என்று சொல்லக் கேட்டு வாயடைத்துப்போனேன். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் அவர்கள் கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி வந்து அவர்களை அடித்தது. இங்கே பக்கத்தில் மருதமுனையில் கைத்தறிக்காரர்களின் கதையும் அதுவே. இறக்குமதித் துணி கடையேற, தறிகள் ஓய்ந்தன.

ஒரே கொள்கை, ஊருக்கு ஊர் வேறு விளைவு. ஒற்றுமையான நாடாக இருந்தால் இதைத் தொழில்வாரியாகப் பேசித் தீர்த்திருக்கலாம். விவசாயிக்கு நட்டம், நுகர்வோருக்கு இலாபம் என்று கணக்குப் பார்த்திருக்கலாம். எங்களிடம் அந்தக் கணக்கு இனவாரியாகத்தான் வாசிக்கப்பட்டது. திறந்த பொருளாதாரம் தமிழரை ஒடுக்கத் திறக்கப்பட்டது என்றார்கள் ஒரு பக்கம். முஸ்லிம் வியாபாரிகள் கொழுக்கத் திறக்கப்பட்டது என்றார்கள் இன்னொரு பக்கம். இரண்டும் உண்மையல்ல. ஆனாலும் இரண்டும் தேர்தல் மேடைகளில் நன்றாக விலைபோயின.

நெல் சந்தைப்படுத்தும் சபை 1977க்குப் பிறகு படிப்படியாக மெலிந்து, 1990களின் இறுதியில் செயலிழந்தது. களஞ்சியங்களின் கூரையில் ஆலமரம் முளைத்தது. பின்னர் மீண்டும் இயக்கினார்கள். ஆனாலும் பெரும்பாலான ஆண்டுகளில் அது வாங்குவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. எஞ்சியதைக் களத்தில் வந்து நிற்கும் வியாபாரியும், அவருக்குப் பின்னால் பொலன்னறுவைப் பக்கத்துப் பெரிய ஆலைகளும் தீர்மானிக்கின்றன. இடையில் 2015இல் நெல்லை வைக்க இடமில்லாமல் மத்தள விமான நிலையத்தின் பண்டகசாலையில் கொண்டுபோய் அடுக்கினார்கள். விமானம் வராத விமான நிலையத்துக்கு நெல்லாவது வந்ததே என்று ஆசிரியர் பீடத்தில் சிரித்தோம். அம்பாறையில் பூட்டிக்கிடந்த களஞ்சியங்களை நினைத்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

பிறகு 2021 வந்தது. அதைப் பற்றி எழுத இன்றும் எனக்கு மனம் கூசுகிறது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். ஓகஸ்ட் இறுதியில் அவசரகாலப் பிரமாணங்களைக் கொண்டுவந்து, அரிசிக்கும் சீனிக்கும் விலை விதித்து, அத்தியாவசிய சேவைகளின் ஆணையாளராக ஓர் இராணுவ அதிகாரியை நியமித்தார்கள். ஒரு மாதம் முடிவதற்குள், செப்டெம்பர் இறுதியில், அரிசியின் கட்டுப்பாட்டு விலையைத் தாங்களே நீக்கினார்கள். பசளைத் தடை நவம்பரில் நீங்கிற்று. அதற்குள் பெரும்போகத்துக்கு விதைத்தாகிவிட்டது. 2022இன் தொடக்கத்தில் என் மருமகனுடைய வயலைப் பார்க்கப் போனேன். கதிர் இருந்தது. கையில் எடுத்தால் கனமில்லை.

அரசாங்கம் தலையிட்டதால் வந்த அழிவு என்று அதைச் சுட்டிக்காட்டிப் பேசும் கொழும்பு நண்பர்கள் எனக்குண்டு. அவர்கள் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். மறுபாதியை ஏற்க முடியாமைக்குக் காரணம் 2025 பெரும்போகத்தில் நான் கண்ணால் கண்டது.

2024 டிசம்பரில் புதிய அரசாங்கம் அரிசிக்கு உச்ச சில்லறை விலை விதித்தது. நாடு அரிசி கிலோ 230 ரூபா, சம்பா 240, கீரி சம்பா 260. நெல்லுக்கான உத்தரவாத விலை 2025 பெப்ரவரி 5ஆம் திகதிதான் அறிவிக்கப்பட்டது. நாடு நெல் 120, சம்பா 125, கீரி சம்பா 132. எண்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோ அரிசி தேறும். அப்படியானால் ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் நெல், அதாவது 185 ரூபா. எஞ்சிய 45 ரூபாவில் ஆலை, லொறி, மொத்த வியாபாரி, கடைக்காரர் எல்லோரும் பிழைக்க வேண்டும். தவிட்டின் வருமானம் ஆலைக்குத் தனி. இறுக்கமான கணக்குத்தான். ஆனால் நடக்காத கணக்கல்ல.

பிழை திகதியில் இருக்கிறது. அம்பாறைக் கரையோரத்தில் அறுவடை நாட்டின் பிற பகுதிகளை விட முந்திவிடும். ஜனவரியிலேயே வெட்டு இயந்திரங்கள் வயலில் இறங்கிவிடுகின்றன. விலை அறிவிக்கப்படும்போது எங்களூரில் பலர் விற்று முடித்திருந்தார்கள். மருமகனும் விற்றிருந்தான். அதுவும் ஈரநெல்.

ஈரம் என்பதை நகரத்து வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் கதிரறுத்து, உப்பட்டி காயவிட்டு, சூடு வைத்து, ஆறுதலாக அடிப்பார்கள். இப்போது இயந்திரம் அரை நாளில் வெட்டி, அடித்து, தூற்றி மூடையில் கொட்டிவிடுகிறது. நெல் பச்சையாக வருகிறது. அரசாங்கம் உத்தரவாத விலைக்கு வாங்குவது 14 வீதத்துக்கு மேற்படாத ஈரப்பதன் உள்ள நெல்லை மட்டும். காயவைக்கக் களமில்லாதவன் வீதியில் பரப்புகிறான். அறுவடைக் காலத்தில் எங்கள் பகுதி வீதிகளில் ஒரு பக்கம் வாகனம், மறுபக்கம் நெல். மழை வந்தால் அதுவும் போயிற்று. களத்தில் தராசோடு நிற்கும் வியாபாரியோ ஈரத்தோடு வாங்குகிறார், உடனே காசு தருகிறார், மூடைக்கு எத்தனை கிலோ என்பதையும் அவரே தீர்மானிக்கிறார்.

“ஏன் மகன், ஒரு கிழமை பொறுத்திருக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

“எப்படி மாமா பொறுக்கிற? மெசின்காரன் வரம்புல நிக்கான். பசளைக் கடைக்காரருக்கு இந்தக் கிழமை குடுக்கணும். உம்மாட காப்பு அடவுல கிடக்கு. ஈரத்தோட போட்டாத்தான் இண்டைக்குக் காசு.”

அவனுக்குச் சந்தை திறந்துதான் இருந்தது. விற்காமல் இருக்கும் சுதந்திரம் மட்டும் அவனிடம் இல்லை. அது இல்லாதவனிடம் போய்ச் சுதந்திரச் சந்தையின் மகிமையைப் பேசுவதற்கு எனக்கு நா எழவில்லை. மறுபுறம் வர்த்தமானியும் அவனுக்கு உதவவில்லை. 120 ரூபா என்பது காய்ந்த நெல்லின் விலை. அதை வைத்திருந்தவர்கள் களஞ்சியமுள்ள வியாபாரிகளே.

நுகர்வோர் பக்கத்தில் நடந்ததும் இதற்கு ஒத்ததுதான். உச்ச விலையை மீறும் தனியாளுக்கு 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்த தண்டமே ஒரு இலட்சம் ரூபா. மொத்த வியாபாரி 230க்கு மேல் சொன்னால் சந்தியிலுள்ள சில்லறைக் கடைக்காரர் என்ன செய்வார்? நாடு அரிசி இல்லை என்பார். அந்த ஜனவரியில் கல்முனையில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எனக்குக் கிடைத்த பதில் அதுதான்.

அந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் பதுக்கல் பற்றிப் பேசினார்கள். மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது விலை நிர்ணயிக்குமாறு நபி (ஸல்) அவர்களிடம் மக்கள் கேட்டதும், அவர்கள் அதற்கு இணங்க மறுத்ததும் நம்மில் பலர் அறிந்த செய்தி. திறந்த சந்தைக்காரர்கள் இதை விரும்பி எடுத்துச் சொல்வார்கள். ஆனால் அதே நபியவர்கள் பதுக்கலைக் கண்டித்தார்கள். அளவையில் குறைப்பதைத் தடுத்தார்கள். சரக்கோடு வரும் கிராமத்து வணிகர்களை, அவர்கள் சந்தைக்கு வந்து விலையறியும் முன்னரே வழிமறித்து வாங்குவதையும் தடை செய்தார்கள். பிரசங்கத்தில் இந்த மூன்றாவது செய்தி வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் வயல் வரம்பில் தராசோடு நிற்பவரைப் பற்றியல்லவா இது! விலையில் கை வைக்கவில்லை. விற்பவன் விலை தெரியாமலும் வேறு வழியில்லாமலும் விற்றுவிடக்கூடாது என்பதில் கை வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து மக்களை நெருக்கும் நிலையில் அரசு விலை விதிக்கலாம் என்று வாதித்ததும் உண்டு. ஆக, வாதம் எங்கள் மார்க்க அறிஞர்களிடையேயும் முடிந்துவிடவில்லை.

நான் வந்து சேர்ந்திருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கடையில் விலைச்சீட்டை ஒட்டும் அரசாங்கத்தை விட, வயலோரத்தில் ஒரு சீமெந்துக் களத்தையும், முத்திரையிட்ட தராசையும், உலர்த்தும் இயந்திரத்தையும், பூட்டுத் திறந்த களஞ்சியத்தையும் வைக்கும் அரசாங்கமே எனக்கு வேண்டும். களஞ்சியத்தில் வைத்த நெல்லுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்து, அந்தச் சீட்டின் பேரில் வங்கிக் கடன் தரும் முறை இலங்கையிலும் சில மாவட்டங்களில் முயன்று பார்க்கப்பட்டதுதான். அது கிடைத்தால் மருமகன் ஒரு மாதம் காத்திருப்பான். அதன்பின் யாருக்கு, எந்த விலைக்கு விற்பதென்பது அவன் பாடு. தாய்லாந்தில் 2011இல் அரசாங்கம் சந்தையை விட மிக உயர்ந்த விலையில் நெல்லை வாங்கிக் குவித்தது. களஞ்சியம் நிரம்பியது, அடுத்த ஆண்டே ஏற்றுமதியில் முதலிடம் போனது, கடைசியில் அந்த அரசாங்கமும் போனது. இந்தியாவில் 2020இல் சந்தையைத் திறக்கிறோம் என்று மூன்று சட்டங்களைக் கொண்டுவந்தபோது, விவசாயிகள் ஓராண்டு டில்லி எல்லையில் குந்தியிருந்து அவற்றை மீளப் பெறவைத்தார்கள். அவர்கள் அஞ்சியது இருக்கும் கொள்வனவு நிலையமும் போய்விடும் என்றுதான்.

எங்கள் நாட்டில் இதற்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. களஞ்சியத்தை யார் திறப்பது, திறந்தால் யாருடைய மூடை முதலில் ஏறும் என்ற கேள்வி. ஆளுங்கட்சிக்காரரின் கடிதம் வேண்டும் என்று கேட்கப்பட்ட காலங்களை நான் அறிவேன். ஓர் அரச அலுவலகத்தில் சிங்களத்தில் மட்டும் இருந்த படிவத்தை நிரப்ப முடியாமல் என் வாப்பா திரும்பி வந்ததையும் கண்டிருக்கிறேன். குத்தகைக்குச் செய்பவர் கையில் காணி உறுதி இருக்காது. பதிவில் அவருடைய பெயரும் இருக்காது. காரைதீவுத் தமிழ் விவசாயி தன்னை விட முஸ்லிம்களுக்கு முந்திக் கிடைக்கிறது என்கிறார். மாவடிப்பள்ளிக்காரர் எல்லாம் அம்பாறைச் சிங்களவருக்கே என்கிறார். அம்பாறையிலுள்ளவர் பொலன்னறுவை ஆலைக்காரரைச் சொல்கிறார். மூவருடைய நெல்லும் ஒரே விலைக்குத்தான் போகிறது. ஒழுங்குவிதி நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்னர், அது எனக்கும் அடுத்த ஊரானுக்கும் ஒரே மாதிரிப் பொருந்துமா என்று ஒவ்வொருவனும் சந்தேகிக்கும் நாட்டில், எவ்வளவு சிறந்த சட்டமும் பாதி செத்த நிலையிலேயே பிறக்கிறது. வியாபாரியிடம் அந்தச் சந்தேகம் இல்லை. அவர் மூவரையும் ஒரே மாதிரி ஏய்க்கிறார். அதனால்தான் அவரை நம்புகிறார்கள்!

சந்தைக்கு விட முடியாதவையும் உண்டு. காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளிக்கு வரும் வீதி, வெள்ளம் வரும்போது மூழ்கும் வீதி. 2024 நவம்பர் 26ஆம் திகதி அந்த வீதியில்தான் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் புரட்டிச் சென்றது. பிள்ளைகள் உயிரிழந்தார்கள். ஜனாஸாக்களை எடுத்த ஊரில் நின்றுகொண்டு அரசாங்கம் சுருங்க வேண்டும் என்று என்னால் எழுத முடியாது. அதே வெள்ளத்தில் எங்கள் பகுதி வயல்களும் அழிந்தன. பெப்ரவரியில் அறிவித்த விலையைக் கேட்க நெல்லே இல்லாமல் இருந்தவர்களும் எங்களில் இருந்தார்கள்.

அடுத்து வந்த சிறுபோகத்தில் மருமகன் ஒரு வேலை செய்தான். காரைதீவைச் சேர்ந்த இரண்டு விவசாயிகளோடும் தன் மச்சானோடும் சேர்ந்து, ஓடாமல் நின்றுபோன ஒரு பழைய ஆலையின் சீமெந்துக் களத்தை நாட்கணக்கில் வாடகைக்குப் பிடித்தான். நால்வரும் முறைவைத்துக் காவல் இருந்து நெல்லைக் காயவைத்தார்கள். ஆலைக்குள்ளேயே மூடையடுக்கிப் பூட்டினார்கள். ஒரு திறப்பு காரைதீவில், இன்னொன்று மாவடிப்பள்ளியில். ஏழு வாரம் கழித்து விற்றார்கள். பெரிய இலாபம் என்று சொல்லமாட்டேன். உம்மாவின் காப்பு மீண்டது.

போன கிழமை தொலைபேசியில் அழைத்தான். அடுத்த போகத்துக்கு அந்தக் களத்தின் வாடகையை உரிமையாளர் இரண்டு மடங்காகக் கேட்கிறாராம். வேறு நான்கு பேர் அவரிடம் போய் நின்றிருக்கிறார்கள்.

“மாமா, இதுக்கெல்லாம் அரசாங்கத்துல ஒரு கட்டுப்பாடு இல்லியா?” என்று கேட்டான்.